பலாலிக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையில்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன கிழமை ஒரு செய்தி அனுப்பியிருந்தான். எண்பதுகளில் என்னிடம் வரலாறும் புவியியலும் படித்தவன். பெயர் சொன்னால் கோபிப்பான். "சேர், அம்மா சென்னையில தங்கச்சியோட இருக்கிறா. மார்கழி லீவுக்கு வந்து அவவை ஒருக்கா ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் எண்டு யோசிக்கிறன். சென்னையில இருந்து பலாலிக்கு எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"355 கிலோமீற்றர், ஒண்டேகால் மணித்தியாலம்" என்று உடனேயே பதில் போட்டுவிட்டேன். போட்டபிறகு மனம் கேட்கவில்லை. பாதி விடை எழுதினால் நான் பாதிப் புள்ளிதான் போடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். மிச்சப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் படம். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஞாபகம் இருக்கும்: யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட இருப்பது கொழும்பா, மெட்ராஸா? வகுப்பு முழுக்க "கொழும்பு சேர்" என்று கத்தும். அடிமட்டத்தை எடுத்து வைக்கச் சொல்லுவேன். மீனம்பாக்கம், பலாலி, இரத்மலானை மூன்று விமான நிலையங்களும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில், கிழக்கு நெடுங்கோடு 80 பாகையை ஒட்டியே கிடக்கின்றன. ஆகவே அகலக்கோட்டு வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதும். மீனம்பாக்கம் வடக்கு 13 பாகையில். பலாலி 9.8 பாகையில். வித்தியாசம் 3.2. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர். பெருக்கினால் 355. பலாலியில் இருந்து இரத்மலானைக்கு அதே கணக்கைச் செய்தால் 330 வரும். வித்தியாசம் 25 கிலோமீற்றர். பலாலியில் இருந்து சாவகச்சேரிக்குப் போகும் தூரம் அளவில்.

திருச்சியை எடுத்தால் இன்னும் வேடிக்கை. பலாலியில் இருந்து நேர்கோட்டில் 185 கிலோமீற்றர்தான். அநுராதபுரத்தைத் தாண்டித் தம்புள்ளைக்குப் போகமுன்னரே அந்தத் தூரம் முடிந்துவிடும். கொழும்புக்குப் பாதி வழியைவிடச் சற்றுத்தான் கூட.

தூரம் இவ்வளவுதான். அது மாறவும் இல்லை, மாறப்போவதும் இல்லை. நேரம்தான் மாறியது.

மிகப் பழைய கணக்கு ஒன்றோடு தொடங்குகிறேன். தேவநம்பிய தீசன் அசோகனிடம் அனுப்பிய தூதர்கள் ஜம்புகோளத்தில் கப்பலேறி ஏழு நாளில் துறைமுகத்தை அடைந்தார்கள், அங்கிருந்து இன்னும் ஏழு நாளில் பாடலிபுத்திரம் போய்ச் சேர்ந்தார்கள் என்று மகாவம்சம் சொல்கிறது. ஜம்புகோளம் என்பது மாதகலுக்குப் பக்கத்துச் சம்பில்துறை. பலாலி ஓடுபாதை இருக்கும் அதே வடகரைதான். வங்காளம் வரை ஏழு நாள். இந்த எண்ணை மறக்கவேண்டாம், பிறகு தேவைப்படும்.

விமானக் கதை 1935 இல் ஆரம்பிக்கிறது. இரத்மலானையில் ஓடுபாதை அமைத்து முடித்ததும், அந்த வருடம் நவம்பர் 27 ஆம் திகதி அங்கே முதன்முதலாக இறங்கிய விமானம் மெட்ராஸில் இருந்துதான் வந்தது. மெட்ராஸ் பறத்தல் கழகத்தின் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ ஓட்டிவந்தது. 1938 இல் ரரா நிறுவனத்தின் தபால் விமானம் கராச்சியில் இருந்து மெட்ராஸுக்கூடாகக் கொழும்புக்கு வரத் தொடங்கியது. பலாலி அப்போது வெறும் செம்மண் தோட்டம். இரண்டாம் உலகப் போர் வந்து, பிரித்தானிய விமானப்படைக்கு வடக்கில் ஒரு ஓடுபாதை தேவைப்பட்டபோதுதான் அங்கே தளம் போட்டார்கள். போர் முடிந்தது, ஓடுபாதை மிஞ்சியது.

1947 டிசம்பர் 10. இலங்கை சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. எயர் சிலோன் தன் முதலாவது பயணிகள் விமானத்தை அன்றைக்கு விட்டது. எங்கேயிருந்து எங்கே என்று நினைக்கிறீர்கள்? இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறைக்கு, அங்கிருந்து மெட்ராஸுக்கு. பலாலியைத்தான் அப்போது காங்கேசன்துறை என்று எழுதினார்கள். சீதாதேவி என்று பெயர் வைத்த டக்கோட்டா விமானம். இந்த நாட்டின் முதல் விமான சேவையின் முதல் பாதையே எங்கள் ஊருக்கு மேலால் போனது. கொழும்பும் மெட்ராஸும் அதற்கு இரண்டு அந்தம், நாங்கள் நடு.

அந்த டக்கோட்டாவை நான் கண்டிருக்கிறேன். எங்கள் வீடு வசாவிளானில். ஓடுபாதையில் இருந்து சைக்கிளில் பத்து நிமிடம்கூட இல்லை. விமானம் வரும் சத்தம் கேட்டால் அம்மா உலையில் அரிசி போடுவார். மணிக்கூடு பார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டில் குறைவு.

1957 இல் அக்காவின் கலியாணம். எனக்குப் பத்து வயது. கூறையை மெட்ராஸில் எடுக்கவேண்டும் என்று அம்மாவின் தமையன், எங்கள் பெரிய மாமா, ஒற்றைக்காலில் நின்றார். (கூறைச்சேலை என்ற பெயரே மாயவரத்துப் பக்கத்துக் கூறைநாட்டில் இருந்து வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?) மாமா கொழும்பில் கடை வைத்திருந்தவர், கையில் காசு இருந்தது. ஆகவே விமானத்தில் போனார். நானும் ஐயாவும் சைக்கிளில் போய் வழியனுப்பினோம். மாமா காலையில் எங்கள் வீட்டில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார். மத்தியானம் மெட்ராஸில் சாப்பிட்டதாகத் திரும்பி வந்து சொன்னார். சாப்பாட்டில் காரம் காணாது என்றும் சொன்னார். டக்கோட்டா மணிக்கு 270, 280 கிலோமீற்றர் போகும். 355 ஐ வகுத்துப் பாருங்கள், ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் வரும். ஏறி இறங்குவதையும் சேர்த்தால் ஒன்றரை. மாமா நாலாம் நாள் கூறையோடு வீட்டு வாசலில் நின்றார்.

மாமாவைப் போல எல்லாரும் போகவில்லை. ஐயாவும் அம்மாவும் சிதம்பரத்துக்குப் போனது ரயிலும் கப்பலுமாகத்தான். 1914 இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் நீராவிக் கப்பல் ஓடியது. முப்பத்தைந்து கிலோமீற்றர் கடல். அந்தப் பக்கம் ஒரு ரயில் காத்திருக்கும், இந்தப் பக்கம் ஒரு ரயில் காத்திருக்கும். போட் மெயில் என்று சொல்லுவார்கள். ஒரு இரவும் பகலும் போகும். ஆனால் அதைப் பயணம் என்று யாரும் பெரிதாகச் சொன்னதில்லை. "அக்கரைக்குப் போட்டு வாறம்" என்பதுதான் பேச்சு.

1964 டிசம்பரில் புயல் அடித்துத் தனுஷ்கோடியே இல்லாமல் போனது. பிறகு இராமேஸ்வரத்தில் இருந்து கப்பல் ஓடியது, ஆனால் பழைய சீர் இல்லை. எழுபதுகளில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வந்து, இந்தியா போவதே ஒரு ஆடம்பரமாகிவிட்டது. எழுபதுகளின் முடிவில் எயர் சிலோனே மூடப்பட்டு, 1979 இல் எயர் லங்கா பிறந்தது. அது பெரிய ஜெட் விமானங்களோடு தூரதேசம் பறக்கப் பிறந்த நிறுவனம். காங்கேசன்துறையும் மெட்ராஸும் அதன் கணக்கில் சின்னப் பாதை. இந்த இடத்தை நாங்கள் பேசும்போது பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். எல்லாவற்றையும் போர்தான் நிறுத்தியது என்று சொல்லுவது சுலபம். போர் வருவதற்கு முன்னரே பாதை மெலிந்துபோயிருந்தது என்பது என் எண்ணம்.

1983 ஜூலைக்குப் பிறகு அக்கா குடும்பம் கொழும்பை விட்டு வெளிக்கிட்டது. அத்தான் வேலை பார்த்த இடமும் எரிந்து, வாடகை வீடும் எரிந்து, அடுத்த வருடம் இரண்டு பிள்ளைகளோடு சென்னைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். "கொஞ்சக் காலத்துக்குத்தான்" என்று அக்கா எழுதிய முதல் கடிதம் இன்னும் என்னிடம் கிடக்கிறது.

பலாலி அப்போது படைத்தளமாக இறுகிவிட்டது. அதற்குப் பிறகு இந்தியாவில் இருந்து விமானம் வரவில்லை என்று சொல்லமுடியாது. 1987 ஜூன் 4 ஆம் திகதி வந்தது. முதல் நாள் படகுகளில் அனுப்பிய உணவைத் திருப்பிவிட்டார்கள் என்று, பெங்களூரில் இருந்து ஏ.என்.-32 விமானங்கள் வந்து 25 தொன் அளவு சாமானை வானத்தில் இருந்து போட்டன. பக்கத்தில் போர் விமானங்கள் காவலுக்கு. நான் அன்றைக்குப் பின்னேரம் சுன்னாகச் சந்தியில் நின்றேன், எல்லாரும் மேலே பார்த்துக் கொண்டு நின்றார்கள். ஜூலை முடிவில் இந்தியப் படையே பலாலியில் வந்து இறங்கியது. அந்தக் கதையை இங்கே தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது.

1990 ஜூன். போர் திரும்பவும் மூண்டது. யாழ்தேவி நின்றது. பலாலியைச் சுற்றி வலிகாமம் வடக்கு முழுக்க எழும்பி ஓடியது. நாங்களும் ஓடினோம். அம்மாவைச் சைக்கிள் காரியரில் இருத்தி, ஒரு சூட்கேஸும் காணி உறுதியும் எடுத்துக்கொண்டு, மானிப்பாயில் ஒரு வாடகை வீட்டுக்கு. இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்து ஆட்டை அவிழ்த்துவிட்டு வந்தோம். எந்த ஓடுபாதையின் சத்தத்தைக் கேட்டு அம்மா உலை வைத்தாரோ, அந்த ஓடுபாதை எங்கள் வளவை வேலிக்குள் எடுத்துக்கொண்டது.

அம்மா 1993 மாசியில் மானிப்பாயில் காலமானார். ரெலிபோன் இல்லை. ஆனையிறவால் போக முடியாது. கிளாலியில் இரவில் படகேறித்தான் கடல்நீரேரியைக் கடக்கவேண்டும், அதிலும் எத்தனை பேர் உயிரோடு மறுகரை சேரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தாலும் பாஸ், அந்தப் பக்கத்தாலும் பாஸ். நான் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதி, கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கொழும்பில் தபாலில் சேர்த்தார். அது அக்காவின் கையில் கிடைத்தது அம்மா போய் இருபத்துமூன்றாம் நாள். எட்டுச்செலவு முடிந்து கனநாள். அந்தியேட்டிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அந்தியேட்டியைக் கீரிமலையில் செய்யவும் வழியில்லை, கீரிமலையும் வேலிக்குள். வேறொரு கடற்கரையில் செய்தேன். அதே நாளில் அக்கா மெரினாவுக்குப் போய்த் தெற்குப் பார்த்து நின்றதாகப் பிறகு சொன்னார்.

355 கிலோமீற்றர். இருபத்துமூன்று நாள்.

1995 இடப்பெயர்வு, 96 இல் திரும்பி வந்தது, இதெல்லாம் நீங்கள் என்னோடு சேர்ந்து நடந்த பாதைகள். அதைத் திருப்பி எழுதவில்லை. ஆனால் 1999 இல் நான் சென்னைக்குப் போன கணக்கை எழுதத்தான் வேண்டும். அக்காவின் மகளுக்குக் கலியாணம். தாய்மாமன் வராமல் எப்படி என்று அக்கா மூன்று கடிதம் போட்டுவிட்டார்.

பலாலியில் இருந்து இரத்மலானைக்குத் தனியார் விமானம் ஓடியது உண்மை. ஆனால் 1998 செப்ரெம்பர் 29 ஆம் திகதி பலாலியில் இருந்து கிளம்பிய லயன் எயர் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து, அதில் இருந்த 55 பேரும் இறந்திருந்தார்கள். வீட்டில் ஒருவரும் விமானப் பேச்சை எடுக்க விடவில்லை. ஆகவே கப்பல். போக அனுமதி எடுத்து, காங்கேசன்துறையில் பொதிகளைக் கொட்டிக் காட்டி, கப்பலில் திருகோணமலை. அங்கே ஒரு நாள் இருந்து, பஸ்ஸில் கொழும்பு. வழியில் எத்தனை தரம் இறங்கி ஏறினேன் என்பதை எண்ணவில்லை. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ். பொலிஸில் பதிவு. விசாவுக்கு நாலு நாள். பிறகு கட்டுநாயக்கா. வீட்டு வாசலில் இருந்து அக்கா வீட்டு வாசலுக்கு ஒன்பது நாள்.

கணக்கு வாத்தியார் இல்லாவிட்டாலும் வகுத்துப் பார்த்தேன். 355 கிலோமீற்றரை ஒன்பது நாளின் 216 மணித்தியாலத்தால் வகுத்தால் மணிக்கு 1.6 கிலோமீற்றர். கைத்தடியோடு நடக்கிற கிழவன் இதைவிட வேகமாகப் போவான். தேவநம்பிய தீசனின் தூதர்கள் பாய்க்கப்பலில் ஏழு நாளில் வங்காளக் கரையைத் தொட்டார்கள் என்பதை ஞாபகம் வைத்திருக்கச் சொன்னேன் அல்லவா?

அந்தப் பயணத்தில் இரண்டு விசித்திரம். ஒன்று: படத்தில் கட்டுநாயக்காவில் இருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்கோடு கீறிப் பாருங்கள். கோடு சரியாக யாழ்ப்பாணத்துக்கு மேலால் போகும். நான் ஒன்பது நாள் பாடுபட்டு, தெற்கே போய், வடக்கே திரும்பி, புறப்பட்ட இடத்தின் தலைக்கு நேரே வந்து அதைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. விமானி உண்மையில் எந்த வழியால் கொண்டுபோனாரோ, அன்றைக்கு முழுக்க முகில்.

மற்றது மணிக்கூடு. 1996 இல் இலங்கை தன் நேரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, பிறகு அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. அதனால் 2006 சித்திரை வரை நாங்கள் இந்தியாவைவிட அரை மணித்தியாலம் முன்னுக்கு. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே ஓடியது. ஒரு சின்னத் தீவுக்குள் இரண்டு நேரம். நான் ஏறிய விமானம் ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் பறந்தது. கைமணிக்கூட்டைச் சென்னை நேரத்துக்குத் திருப்பியபோது ஐம்பது நிமிடத்தில் வந்துவிட்டதாகக் காட்டியது. பக்கத்தில் இருந்த வியாபாரி, "பாத்தீங்களா சார், கிட்டத்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2002 இல் ஏ9 பாதை திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, போர் முடிந்தபிறகு திரும்பத் திறந்தது. 2014 இல் ரயில் யாழ்ப்பாணம் வரை வந்தது. அதற்குப் பிறகு சென்னைக்குப் போவது ஒரு நாள் அலுவல்: இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம், கட்டுநாயக்காவில் காத்திருப்பு, பிறகு விமானம். ஒன்பது நாளோடு பார்த்தால் சொர்க்கம்தான். எழுபது வயதுக்காரன் முதுகோடு பார்த்தால் அப்படியில்லை.

2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று பெயரிட்டுத் திறந்தார்கள். நவம்பரில் அலையன்ஸ் எயர் சென்னையில் இருந்து ஓடத் தொடங்கியது. நாலு தசாப்தத்துக்குப் பிறகு அந்தப் பழைய கோடு மீண்டும் உயிர்த்தது. நான் ரிக்கற் போடுவோம் போடுவோம் என்று இருக்க, 2020 மார்ச்சில் கொரோனா வந்து நிற்பாட்டிவிட்டது. என் சோம்பல், வேறு ஒருவரையும் குற்றம் சொல்லமாட்டேன். 2022 டிசம்பர் 12 ஆம் திகதி சேவை திரும்பத் தொடங்கியது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோவும் வந்தது, 2025 மார்ச் முடிவில் திருச்சிக்கும் விட்டார்கள். கடலாலும் வழி உண்டு: 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் தொடங்கி, நின்று, அடுத்த ஓகஸ்டில் திரும்ப ஓடியது. வாந்தி வராதவர்கள் போகலாம்.

நான் 2023 தையில் போனேன். வயது 75. பொங்கல் முடிந்த கிழமை.

ஏ.ரி.ஆர். என்ற சின்ன விமானம், காற்றாடி பூட்டியது. மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும். அப்படியானால் 355 கிலோமீற்றருக்கு ஏன் ஒன்றேகால் மணித்தியாலம் என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்கவேண்டும். விமான நேரம் என்று அட்டவணையில் போடுவது சில்லு உருளத் தொடங்கியதில் இருந்து அந்தப் பக்கத்தில் சில்லு நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, மீனம்பாக்கத்தில் மற்ற விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் சுற்றுவது எல்லாம் அதற்குள். நட்டநடுவில் நிமிர்ந்து பறப்பது அரை மணித்தியாலம் அளவில்தான். மாமாவின் டக்கோட்டாவுக்கும் இதற்கும் வித்தியாசம் கால் மணித்தியாலம் என்பதை யோசித்துப் பாருங்கள். அறுபத்தைந்து வருடத்தில் முன்னேற்றம் கால் மணித்தியாலம்!

இந்த விமானத்தில் ஒரு நன்மை, செட்டை யன்னலுக்கு மேலே இருக்கிறது. கீழே பார்ப்பதற்கு மறைப்பில்லை. கிளம்பியதும் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தேன். செம்மண், தோட்டம், வீடுகள், பிறகு வேலி, வேலிக்கு அங்கால் பற்றை. வீடு இருந்த இடத்தில் பற்றை எது, பற்றை இருந்த இடத்தில் வீடு எது என்று பிடிபடவில்லை. ஒரு பனங்கூட்டம் தெரிந்தது. எங்கள் வடக்கு வேலிப் பனைகளாக இருக்கலாம். பத்து எண்ணுவதற்குள் கடல் வந்துவிட்டது.

காலை எட்டரைக்கு வீட்டில் இருந்து வெளிக்கிட்டவன், மூன்று மணித் தேத்தண்ணிக்கு வளசரவாக்கத்தில் அக்கா வீட்டு வாசலில் நின்றேன். அக்காவுக்கு 84. கதிரையில் இருந்தபடியே கேட்டார்.

"எப்ப வெளிக்கிட்டனி?"

"காலமை."

"கொழும்பில இருந்தே?"

"இல்லையக்கா, வீட்டில இருந்து."

நம்பவில்லை. மருமகளைக் கூப்பிட்டு, "இவன் எனக்குப் பேய்க்காட்டுறான்" என்றார். நான் கொண்டுபோன பையை அவிழ்த்துக் காலையில் சுட்ட தோசையை எடுத்துக் கொடுத்தேன். தொட்டுப் பார்த்தார், மணந்து பார்த்தார். பிறகுதான் நம்பினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மேல இருந்து வளவு தெரிஞ்சதே?" என்றார்.

"பனை தெரிஞ்சது."

"எத்தினை?"

நான் எண்ணவில்லை. "ஒன்பது நிண்டது. நீ எண்ணியிருக்க வேணும்" என்று சொல்லிவிட்டுத் தோசையைப் பிட்டார். திரும்பி வரும்போது எண்ணுவோம் என்று யன்னலோரம் இருந்தேன். விமானம் வேறு பக்கத்தால் இறங்கியது.

போன வருடம் ஐப்பசியில், விடிய ஐந்து மணிக்கு மருமகள் கோல் எடுத்தாள். அக்கா நித்திரையிலேயே போய்விட்டார். விசா கையில் இருந்தது தற்செயல்தான், அடுத்த பொங்கலுக்குப் போவோம் என்று முன்கூட்டியே எடுத்து வைத்தது. மகன் ரிக்கற் போட்டான். பின்னேரம் இரண்டரைக்கு நான் அங்கே நின்றேன். எனக்காக வைத்திருந்தார்கள். வாய்க்கரிசி போட்டேன். பெட்டியை மூடமுன்னர், அலுமாரியில் இருந்து மருமகள் எடுத்துவந்து அக்காவின் மேல் விரித்தது அந்த 1957 ஆம் ஆண்டுக் கூறை. சரிகை கறுத்துப்போயிருந்தது. மாமா விமானத்தில் கொண்டுவந்தது.

ஐந்து மணியில் இருந்து இரண்டரை மணி வரை ஒன்பதரை மணித்தியாலம்.

இனி, ரொறன்ரோக்காரனுக்கு. தம்பி, நான் அனுப்பிய 355 உம் ஒன்றேகாலும் சரிதான், மாற்றத் தேவையில்லை. அம்மாவுக்கு எண்பது கடந்திருக்கும், ஆகவே வாசலில் இருந்து வாசலுக்கு ஏழு மணித்தியாலம் என்று கணக்கு வை. மீனம்பாக்கத்தில் மூன்று மணித்தியாலம் முன்னுக்கு நிற்கச் சொல்லுவார்கள், சக்கர நாற்காலியை ரிக்கற் போடும்போதே கேட்டு வை. இது சின்ன விமானம், ரொறன்ரோவில் இருந்து கொண்டுவரும் பெரிய பெட்டிகளை இதில் ஏற்றலாம் என்று நினைக்காதே. எத்தனை கிலோ விடுவார்கள் என்று முன்னமே பார். மார்கழியில் மழை இருந்தால் சிலவேளை பிந்தும், மறுநாளைக்கு ஒரு அலுவலையும் வைத்துக்கொள்ளாதே.

உன் அம்மா மயிலிட்டி அல்லவா? அவவுக்கு யன்னல் சீற் எடு. இறங்கியதும் எனக்கு ஒரு கோல் எடு, ஓட்டோவோடு வாசலில் நிற்பேன்.